எடுப்பது யார்?

மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ அடையாற்றிலோ ஒரு சாவுச் செய்தி வந்தால், "எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அரை நாள் விடுப்புப் போட வேண்டும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஆள் பார்க்க வேண்டும். கேள்வியில் தவறில்லை. ஆனால் யார் எடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஐஸ் பெட்டிக்காரரிடமோ சாஸ்திரிகளிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூங்கில், கீற்று, மண்சட்டி, வண்டி எல்லாவற்றோடும் தூக்க நாலு ஆளும் சேர்ந்தே வந்துவிடுகிறார்கள். பில்லில் அதுவும் ஒரு வரி.

இந்த ஏற்பாடு தென் சென்னையில் வேரூன்றி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பிள்ளைகள் கலிபோர்னியாவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். வீட்டில் மிஞ்சியிருப்பது எழுபது வயதுத் தம்பியும் முட்டி வலிக்காரப் பக்கத்து வீட்டுக்காரரும்தான். கூலிக்கு ஆள் வைப்பதைக் குற்றம் என்று சொல்ல மாட்டோம். கூலிக்குத் தூக்கியவரை வாசலோடு நிறுத்துவது குற்றம். தோள் கொடுக்கத் தெம்புள்ளவர்கள் கைபேசியோடு ஓரமாக ஒதுங்குவது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டையும் இந்நகரம் தினமும் செய்கிறது, செய்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் செய்கிறது.

மூன்றாம் மாடியில் ஒருவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய அடுக்ககங்கள் பலவற்றில் லிப்ட் கிடையாது. இருந்தாலும் நாலு பேர் ஒட்டி நிற்கிற அளவுதான், ஒருவரைப் படுக்க வைக்க இடம் பற்றாது. பாடை படிக்கட்டு வளைவில் திரும்பாது என்பதால் அதைக் கீழே வாசலில்தான் கட்டுகிறார்கள். உடலைப் போர்வையில் ஏந்தி, கால் முன்னே போக, படிபடியாக இறக்க வேண்டும். கால்மாட்டில் இருக்கும் இருவர் மேல்தான் பாரம் முழுவதும் சாயும். அவர்கள் முதுகுப்பக்கமாக நடந்து, அடுத்த படியைக் குதிகாலால் தேடித் தேடி இறங்குகிறார்கள். திருப்பத்தில் உடலைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடிக்க, தலைமாட்டில் இருப்பவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுழல்கிறார். தலை தொங்கிவிடக் கூடாது என்று ஒரு கை பிடரிக்கு அடியில் கடைசிவரை இருக்கிறது. "மெதுவா, மெதுவா... காலைத் தாழ்த்தாதே" என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறீர்களா? இறந்தவரை ஒரு நாளும் பார்த்திராதவர்களின் குரல் அது. மேல்மாடியில் நின்று பார்க்கிற உறவினர் பலரிடம் அந்தக் கவனம் இருப்பதில்லை.

இவ்வளவையும் செய்து முடித்தவர்கள் தண்ணீர் கேட்டால் வீட்டில் பிளாஸ்டிக் டம்ளர் தேடுகிறார்கள். வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடக்கும். அவர்கள் காம்பவுண்டுச் சுவரோரம் குந்தியிருப்பார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, "ஆளுங்க" என்பதே பெயர். பேசிய கூலியைக் கொடுக்கும்போதும் கையில் கொடுக்காமல் எதன் மேலாவது வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் மேல் சாராய வாடை அடிக்கிறது என்று முகம் சுளிக்கிறோம். ரயிலில் அடிபட்டவர்களையும், பூட்டிய வீட்டில் நாலைந்து நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்த தனிக்கட்டைகளையும் தொட்டுத் தூக்குகிறவர்கள் அவர்கள். அந்தக் குடி அவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் தின்கிறது. அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் கையுறையும் முகக்கவசமும் கொடுக்காமல் குவாட்டருக்குக் காசு கொடுத்துப் பழக்கியவர்கள் நாம். பழக்கிவிட்டுக் குடிகாரன் என்று பட்டம் கட்டுவது அநியாயம்.

இது ஏதோ ஒரு சாதியார் மட்டும் இன்னொரு சாதியாருக்குச் செய்வது என்று நினைக்க வேண்டாம். சுடுகாட்டு வேலையைத் தலித் குடும்பங்களின் தலையில் பரம்பரையாகக் கட்டி வைத்தது ஊரறிந்த அநீதி. அக்கிரகாரத்திலும் அதன் நிழல் உண்டு. மற்ற சாதியார் தொட்டுத் தூக்கக் கூடாது என்பதற்காக வறிய பிராமணர்கள் கூலிக்கு அழைக்கப்பட்டார்கள். பாடை தூக்கியும் அபரக் காரியங்களில் உட்கார்ந்து சாப்பிட்டும் பிழைத்த அவர்களைத் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் அழைக்கவில்லை. எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பியவர்களும் உண்டு. சாஸ்திரம் இப்படிச் சொல்லவில்லை. நாதியற்ற பிணத்தைச் சுமந்து சம்ஸ்காரம் செய்தால் அசுவமேத யாகம் செய்த பலன் உண்டு என்பதைக் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி மீண்டும் மீண்டும் எடுத்துச் சொன்னார். அவர் படம் மாட்டாத வீடு மயிலாப்பூரில் குறைவு. அந்த வீடுகளுக்கு இதை நினைவுபடுத்துகிறோம்.

மாட வீதிகளில் தோளுக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள். கபாலீஸ்வரரைச் சுமப்பவர்களைச் சீர்பாதம் தாங்கிகள் என்கிறோம். அதிகார நந்தி தெருமுனையில் திரும்பும்போது கனத்த தண்டுகளுக்கு அடியில் அவர்கள் தோள் கன்றிப்போவதைக் கண்டு கையெடுத்துக் கும்பிடுகிறோம், விசிறுகிறோம், மோர் கொடுக்கிறோம். திருநாவுக்கரசர் திருப்பூந்துருத்தியில் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து, சம்பந்தரின் சிவிகையை யாருக்கும் தெரியாமல் சுமந்தார் என்று சொல்லிச் சொல்லி உருகுகிறோம். முதியவர் இளையவரைச் சுமந்ததில் இழிவு கண்டவர் எவரும் இல்லை. சைவத்தில் சுமப்பது தொண்டு.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் அறுபத்துமூவர் வருவதற்கு முன், காலையில் பூம்பாவை உயிர்த்தெழுந்த நிகழ்ச்சி நடக்கிறது. பாம்பு தீண்டி இறந்த மகளைத் தகனம் செய்து, எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டு, கன்னிமாடத்தில் காத்து வைத்திருந்த சிவநேசர், சம்பந்தர் சொன்னபடி அந்தக் குடத்தைக் கோயிலின் வெளிப்புறத்துக்குக் கொண்டு வந்தார். மயிலாப்பூரின் தலையாய திருவிழா நாள், ஒரு தந்தை சுமந்து வந்த மகளின் சாம்பலிலிருந்து தொடங்குகிறது. இதைக் கண் குளிரப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் நாம், கைலாசபுரம் மயானத்தில் வேலை செய்கிறவர் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் தள்ளி உட்காருகிறோம் என்றால், பார்த்த திருவிழாவிலிருந்து ஒன்றும் எடுத்து வரவில்லை என்றுதான் அர்த்தம்.

இதே பகுதியில் இன்னொரு சுடுகாடு கிருஷ்ணாம்பேட்டை. 1921 செப்டம்பர் 12 காலை, திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலிருந்து சுப்பிரமணிய பாரதியின் உடல் அங்கே போனது. வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. பரலி சு. நெல்லையப்பர், குவளைக் கண்ணன், லட்சுமண ஐயர், ஹரிஹர சர்மா, சுரேந்திரநாத் ஆர்யா ஆகியோர் தோள் கொடுத்தார்கள். சுமந்த உடலின் எடை அறுபது பவுண்டு கூட இருக்காது என்று நெல்லையப்பர் பிற்காலத்தில் எழுதினார். எடையைச் சொல்ல முடிந்தது தோள் கொடுத்ததால்தான்.

கூட்டம் குறைந்ததையே நூறு ஆண்டுகளாக நாம் புலம்பி வருகிறோம். அந்தச் சிலர் யார் என்று நின்று பார்ப்பது குறைவு. நெல்லையப்பர் சைவப் பிள்ளை. ஆர்யா தெலுங்கு பேசும் நாயுடு குடும்பத்தில் பிறந்து, ராஜத்துரோக வழக்கில் சிறை போய், கிறித்தவத்துக்குள் சென்று வந்தவர். பிராமணர் உடலைப் பிராமணர்தான் தொட வேண்டும் என்ற கட்டு இரும்பாக இறுகியிருந்த காலம், அதுவும் பார்த்தசாரதி கோயிலுக்கு அருகே ஒரு தெரு. அங்கே இவர்களும் பிராமணர்களும் ஒரே பாடையைச் சேர்ந்து தூக்கினார்கள். தன் வாழ்நாளில் தலித் ஒருவருக்குப் பூணூல் போட்டுவிட்டும் கழுதையைக் கொஞ்சியும் ஊரை உலுக்கிய மனிதருக்குப் பொருத்தமான ஊர்வலம் அதுதான். ஆயிரம் பேர் வந்து கூலிக்காரர் தோளில் போயிருந்தால் அது இதற்கு ஈடாகாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இதிலிருந்து கிட்டத்தட்ட 99 ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரல் 19. நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யக் கொண்டு போனபோது கூட்டம் கூடித் தடுத்தது. அண்ணா நகர் வேலங்காடு மயானத்துக்கு வண்டியைத் திருப்பினார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, ஓட்டுநர்கள் ரத்தம் சிந்தினார்கள், இறந்தவரின் மனைவியும் மகனும் உயிருக்குப் பயந்து விலக வேண்டியதாயிற்று. அவருடைய நண்பர், எலும்பு மருத்துவர் பிரதீப் குமார், ஆம்புலன்ஸைத் தானே ஓட்டிக்கொண்டு நள்ளிரவில் திரும்பி வந்தார். கூட மருத்துவமனை உதவியாளர்கள் இருவர். மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள். அந்த மருத்துவரின் பெயர் நாட்டுக்குத் தெரிந்தது, தெரிய வேண்டியதுதான். அந்த உதவியாளர்கள் இருவரின் பெயரை யாரும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. உயிருக்கு ஆபத்து மூவருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கண்ணியமான அடக்கமும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் சேரும் என்றது. 20-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். தொற்றுநோயில் இறந்தவர்களின் அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று அந்த மாதமே தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது.

கல்லெறிந்தவர்களை ரவுடிகள், படிக்காதவர்கள் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொண்டோம். அது பொய்ச் சமாதானம். பிணத்திலிருந்து நோய் காற்றில் பரவும் என்ற வதந்தி, படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி மருத்துவர்களையும் செவிலியர்களையும் நெருக்கியவர்கள் குடிசைவாசிகள் இல்லை. தெருவில் கல்லாக வந்தது அடுக்ககத்தில் சுற்றறிக்கையாக வந்தது. எறிந்த கை வேறு, எண்ணம் ஒன்றே. அதே நாட்களில், மகன் தந்தையைத் தொடப் பயந்த வீடுகளுக்குத் தமுமுக போன்ற முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் கவச உடை அணிந்து வந்தார்கள். இந்து உடலையும் கிறித்தவ உடலையும் அவரவர் முறைப்படி எடுத்துப் போனார்கள். அந்தக் கடனை இந்நகரம் இன்னும் வாய் திறந்து ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தத் தொண்டர்கள் தயங்காததற்குப் பழக்கம் ஒரு காரணம். ராயப்பேட்டையிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு ஜனாஸா, அதாவது முஸ்லிம் இறுதி ஊர்வலம், போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடல் வைத்த சந்தூக்கைத் தூக்க அங்கே குறிப்பிட்ட நாலு பேர் கிடையாது. வழியில் சேர்கிறவர் கூட முன்னால் போய்த் தோள் கொடுத்துப் பத்தடி நடந்து, அடுத்தவருக்கு இடம் விட்டு விலகுகிறார். மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்கம் வரை கொண்டு சேர்ப்பது ஊரார் மேல் விழுந்த கடமை. ஒருவரும் செய்யாவிட்டால் பாவம் எல்லோர் தலையிலும். கடைக்காரரும் கம்பெனி முதலாளியும் ஒரே கம்பைப் பிடிக்கிறார்கள். இதை மற்றவர்களும் எடுத்துக்கொள்வதில் எந்த மதத்துக்கும் நஷ்டமில்லை.

தூக்குவதைத் தொழிலாக்கினாலே இழிவு வந்துவிடும் என்பதும் சரியில்லை. சைமன் மீது கல் விழுந்த அதே ஏப்ரலில், கானா நாட்டில் பெஞ்சமின் அய்டூ குழுவினர் சவப்பெட்டியைத் தோளில் வைத்து ஆடும் காட்சி நம் கைபேசிகளில் வேடிக்கையாகச் சுற்றியது. சிரித்துவிட்டு நகர்ந்தோம். அவர்கள் அணிந்திருந்த கோட்டையும், பளபளத்த காலணியையும், நிமிர்ந்த தலையையும் கவனித்திருக்கலாம். அதுவும் கூலி வேலைதான். அந்த ஊர் அவர்களை நடுத்தெருவில் நடக்க விடுகிறது.

நம் மாநிலத்தில் பாதையே கிடையாது என்ற நிலை இன்னும் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, நிலத்தின் வழியே போக விடாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். 2016 ஜனவரியில் அப்போதைய நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில், பொதுப் பாதையிலேயே கொண்டு போகலாம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், போலீஸார் உடலை உறவினர்களிடமிருந்து எடுத்து வேறு வழியாகக் கொண்டு போய்ப் புதைத்தார்கள். நீதிமன்றம் கொடுத்த பாதையில் பேரப்பிள்ளைகளின் தோளில் போக வேண்டிய பெரியவர் அவர். சென்னைக்காரர்கள் இதைக் கிராமத்துச் சாதி வெறி என்று தலையாட்டிவிட்டுப் போக வேண்டாம். 'இறந்தவர் உடலைப் பொது வழியில் வைக்கக் கூடாது', 'ஐஸ் பெட்டிக்கு அனுமதி இல்லை', 'பின்பக்க கேட்டை மட்டும் பயன்படுத்தவும்' என்றெல்லாம் இங்கே அடுக்ககச் சங்கங்கள் வாய்மொழியாகவும் எழுத்திலும் சொல்கின்றன. பின்பக்க கேட் குப்பை வண்டி வருகிற வழி. அதே கட்டடத்துக்கு இருபது வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டியவர் கடைசியாக அந்த வழியாக வெளியேற வேண்டுமாம். இதற்குக் கையெழுத்திட்ட ஒவ்வொரு செயலாளரும் வெட்கப்பட வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. மயானத்துக்கு வரக் கூடாது என்று தெருமுனையிலேயே அவர்களைத் திருப்பி அனுப்புகிற பழக்கம், பிள்ளை வெளிநாட்டிலும் பெண் பக்கத்துத் தெருவிலும் இருக்கிற இந்தப் பகுதியில் கொடுமையாகவே முடிகிறது. அப்பாவுக்குப் பத்து வருடம் இன்சுலின் போட்ட மகள் வாசலில் நிற்கிறாள், முகம் தெரியாத நாலு பேர் அவரைத் தூக்கிப் போகிறார்கள். சுயமரியாதைக் குடும்பங்களில் பெண்கள் பாடை சுமந்து, இடுகாடு வரை போய், மண் தள்ளியது பல முறை நடந்திருக்கிறது. நடிகர் விவேக் 2021-இல் இறந்தபோது இறுதிச் சடங்கைச் செய்தவர் அவருடைய மகள். சைமன் அடக்கமான அதே வேலங்காடு மயானத்தின் பொறுப்பை 2014-இல் பிரவீணா சாலமன் உள்ளிட்ட பெண்கள் ஏற்றார்கள். மிரட்டல்கள் வந்தன. அவர்கள் அசையவில்லை. கூட்டிப் பெருக்கி, செடி வைத்து, வருகிறவர்களிடம் பணம் பிடுங்குவதை நிறுத்தினார்கள். சாஸ்திரத்தைக் காட்டி மகளைத் தடுக்கிற பெரியவர்கள், அதே சாஸ்திரம் கூலிக்கு வந்த அந்நியரை எந்த இடத்தில் அனுமதித்தது என்றும் காட்டட்டும்.

மாநகராட்சிக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எரிவாயு மேடை வந்தது, புகைபோக்கி வந்தது, தகனம் இலவசம் என்ற பலகை வந்தது. பலகைக்குக் கீழேயே கை நீள்கிறது என்று எல்லோரும் குறை சொல்கிறோம். நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும் இல்லாமல், இறந்தவர் வீட்டார் கொடுப்பதை வைத்துக் குடும்பம் நடத்தும்படி ஒருவரை விட்டுவிட்டு, அவர் கை நீட்டக் கூடாது என்று பலகை மாட்டுவது நிர்வாகம் ஆகாது. மயான வேலையை முறையான பணியிடமாக்கி, அப்பன் செய்தார் என்பதற்காக மகனுக்குப் போகாமல் எல்லாச் சாதியாருக்கும் விளம்பரம் செய்து ஆள் எடுக்க வேண்டும். சம்பளம் அந்த வேலைக்கு எல்லாச் சாதியாரும் மனுப் போடுகிற அளவுக்கு இருக்க வேண்டும். கையுறை, காலணி, தடுப்பூசி, காப்பீடு, குளித்து உடை மாற்ற ஒரு சுத்தமான அறை ஆகியவற்றைக் கேட்க வைக்காமலே கொடுக்க வேண்டும். பெசன்ட் நகரிலும் கண்ணம்மாபேட்டையிலும் பிரபலங்களின் உடல் வருகிற அன்று மட்டும் சுண்ணாம்பு அடித்தால் போதாது.

வீடுகளுக்குச் சொல்வது இதைவிட எளிது. வருகிறவர்களிடம் முதலில் பெயரைக் கேளுங்கள். நாற்காலி கொடுங்கள், வீட்டு டம்ளரில் தண்ணீர் கொடுங்கள், பேசிய கூலியை உடல் இறங்கியவுடன் கையில் கொடுங்கள். நாலு பேரைக் கூலிக்கு வைத்தாலும், வாசலிலிருந்து வண்டி வரைக்குமாவது வீட்டாரும் நண்பர்களும் மாறி மாறித் தோள் கொடுங்கள். மகள், மருமகள், பேத்தி கேட்டால் நகர்ந்து இடம் விடுங்கள்.

அடுக்ககச் சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போடலாம். தண்ணீர் லாரிக்காரர், எலக்ட்ரீஷியன், ஆம்புலன்ஸ் எண்கள் ஒட்டியிருக்கும் அதே பலகையில், சாவு விழுந்தால் எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம் என்று ஒப்புக்கொண்ட பத்துப் பேரின் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கட்டும். ஆண், பெண், சாதி, வாடகைக்கு இருப்பவர், சொந்தக்காரர் என்ற பிரிவு அதில் வேண்டாம். காவலாளியையும் கேளுங்கள். அவர் சம்மதித்தால், அவர் பெயரையும் செயலாளர் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.